கேசட்டில் இல்லாத சரணம்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
3.2.1985

பேரன்பும் பெருமதிப்பும் பனிக்குளிரும் சூழ்ந்த யோகா அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், துறைமுக ஆபீஸ் கிளார்க் திரு. குலசேகரம் அவர்களின் ஒரே புதல்வனும், தங்களின் ஒரே தம்பியும், ஐந்தாம் படிவ வகுப்பின் பின்வரிசை நிரந்தர உறுப்பினருமாகிய சற்குணத்துக்கு, நேற்று மாலை தேநீர் வேளையில் இடதுகை ஆள்காட்டி விரல் நுனியில் தோல் காய்த்தது. தாயும் விரலும் நலம். இந்த வைபவத்துக்கு வடை சுடச் சொன்னேன். அம்மா மறுத்துவிட்டார்.

நீ எப்படி இருக்கிறாய்? லீட்ஸில் இன்னும் மூக்கு உறைகிறதா? நர்ஸ் படிக்கப் போனவளுக்கே ஊசி போடும் நிலை வராமல் பார்த்துக்கொள்.

விஷயம் இதுதான். நான் கித்தார் பழகுகிறேன். பக்கத்து வீட்டு ராமதாஸ் அங்கிள் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போனபோது லாரியில் இடமில்லை என்று விட்டுப்போன கித்தார். குருநாதர் என் வகுப்பு மீரா சாகிப். அவனுடைய அண்ணன் கல்யாண வீடுகளில் பேண்ட் வாசிப்பவர். அதனால் அவனுக்கு வாசிப்பு ரத்தத்திலேயே இருக்கிறது. எனக்கு வாசித்தால் ரத்தம் வருகிறது.

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் டேலண்ட்டைம் என்ற பாட்டுப் போட்டி. நான் மேடையேறப் போகும் பாட்டு, ஹாலோ டிராம்ஸ் குழுவின் ராக் பாட்டு. இங்கே எங்கள் வயசுப் பையன்கள் எல்லாரும் இதே பைத்தியமாக அலைகிறோம். பினாங்கு ரோட்டில் காப்பியடித்த கேசட் விற்கிற கடையில் வாங்கினேன். உறையில் ஒரு தாடிக்காரன் படம் உண்டு, வரிகள் கிடையாது. பல்லவி மட்டும் தெளிவாகக் கேட்கிறது: ‘எனக்குத் தட்டு வைக்காதே, என் நாற்காலியை யாருக்காவது கொடு.’ மற்றதெல்லாம் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பாடுகிறான். நீ அவர்கள் நாட்டிலேயே, இங்கிலாந்திலேயே இருக்கிறாய். விசாரித்து எழுது.

உன் அறை இப்போது என் சங்கீத மண்டபம். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாகிவிட்டது. உன்னைத் தேடுவதற்கு இந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

அப்பா டிசம்பரில் ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு பார்க்கிறார். இரண்டு அறையா, மூன்று அறையா என்று உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
விரல் காய்த்த சற்குணம்


லீட்ஸ்
2.3.1985

அன்புள்ள தம்பி சற்குணத்துக்கு,

அப்பா அம்மா சுகம்தானே? அம்மாவின் முட்டிவலிக்குத் தைலம் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டச் சொல். நான் நன்றாக இருக்கிறேன். பனி குறைந்துவிட்டது.

உன் கடிதத்தை விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் மொரீனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ‘தாயும் விரலும் நலம்’ என்ற இடத்தில் அவளுக்குப் புரையேறிவிட்டது. அயர்லாந்துக்காரி. உன் பாட்டு அவளுக்குத் தெரியும். முதல் இரண்டு சரணங்களைச் சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறேன். அதற்குள் வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் சரணத்தில் ஒருவன் பேருந்து நிலையத்தில் நிற்கிறான், மழை, காலணி ஊறிப்போயிருக்கிறது. இரண்டாவதில் வண்டி கிளம்புகிறது, கண்ணாடியில் மூச்சுவிட்டுத் தன் பெயரை எழுதி, தானே அழிக்கிறான். இங்கிலீஷ் வரிகள் பின்பக்கத்தில் இருக்கின்றன. பரீட்சை வருஷம், பாட்டோடு பாடத்தையும் பார்.

அறையை நீயே வைத்துக்கொள். அப்பாவுக்கும் எழுதிவிட்டேன், எனக்கென்று ஒரு அறை வேண்டாம், இரண்டு அறை வீடே போதும் என்று. நவம்பரில் படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலை தருவார்கள்போலத் தெரிகிறது.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
யோகலட்சுமி


ஜார்ஜ் டவுன்
15.3.1985

வீர மங்கை யோகா அக்காவுக்கு,

இங்கே வெயில் சுகம், கொசு சுகம், நாங்களும் பரவாயில்லை. அங்கே மொரீனின் தொண்டை சுகமா?

வரிகள் வந்த வேகத்தில் பாட்டைப் பிரித்து மேய்ந்துவிட்டேன். இது விடுதலைப் பாட்டு! வீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறான். தட்டு வேண்டாம், நாற்காலி வேண்டாம், போங்கடா என்கிறான். பெயரை எழுதி அழிக்கிறானே, அது பழைய ஆளை அழித்துப் புது ஆளாகிறான் என்று அர்த்தம். கடைசியில் பாட்டு முடியாமலே ‘கடக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுபோகிறது. என்ன துணிச்சல்! கதவைச் சாத்திவிட்டுப் போகிற சத்தம் அது. மீரா சாகிப் அந்த இடத்தில் கித்தாரின் வயிற்றில் முஷ்டியால் ஒரு குத்து விடுகிறான். இந்தத் தெருவில் யார் அந்தப் பாட்டை வாசித்தாலும் குத்தித்தான் முடிக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பாட்டின் நாயகியே நீதான். ‘எனக்குத் தட்டு வைக்காதே’ என்று அப்பாவுக்கே எழுதிவிட்டாயே! சபாஷ். நானும் பரீட்சை முடிந்ததும் எங்காவது கிளம்பிவிடுவேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சனிக்கிழமை ஃபெர்ரியில் ஏறி எதிர்க்கரை பட்டர்வொர்த் போய், அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அடுத்த ஃபெர்ரியில் திரும்பி வந்தேன்.

அப்பா உன் கடிதத்தைப் படித்தார், மடித்தார். “சரி, ரெண்டு ரூம் போதும்னுட்டா” என்றார். பிறகு ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மறுபடியும் இஸ்திரி போட்டார். அம்மாவுக்கு அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

கித்தாரில் இனி எனக்குத் தெரியாதது என்று சொல்ல எஃப் கார்டு என்கிற ஸ்வரக்கூட்டு ஒன்றுதான் பாக்கி. ஒரே விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும். அடுத்த வாரம் அதுவும் என் காலடியில்.

என் விளக்கம் சரிதானே? உடனே எழுது.

இப்படிக்கு,
வருங்கால ஓடுகாலி


ஜார்ஜ் டவுன்
6.5.1985

கடிதமே எழுதாத அக்காவுக்கு,

அங்கே தபால்தலை தீர்ந்துவிட்டதா? பேனாவில் மை உறைந்துவிட்டதா? மொரீன் உன்னைத் தின்றுவிட்டாளா? மூன்றில் எது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எஃப் கார்டு விழுந்துவிட்டது. இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டும் வாசிப்பேன். மீரா சாகிப், “மச்சான், இனி ஒனக்குச் சொல்லிக்கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லலா” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போகிறார். வெறுங்கையோடு திரும்பி வந்து என்னைப் பார்த்து, “நீ ஏதாச்சும் கோணலா எழுதித் தொலைச்சியாடா?” என்கிறார். நானா? என் எழுத்து எவ்வளவு நேரானது என்று உனக்கே தெரியும்.

கோணலாக ஏதாவது எழுதியிருந்தேனா?

சற்குணம்


லீட்ஸ்
20.6.1985

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் ஜலதோஷம் சரியாகிவிட்டதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை என்று அம்மாவிடம் சொல்.

உன் கேசட்டில் பாட்டு முழுதாக இல்லை. மொரீனிடம் இசைத்தட்டு இருக்கிறது, போட்டுக் கேட்டேன். ‘கடக்’ என்பது கதவில்லை. காப்பியடித்தவனின் கேசட் தீர்ந்துபோன சத்தம். அதற்குப் பிறகு மூன்றாவது சரணம் ஒன்று இருக்கிறது. இங்கிலீஷ் வரிகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஏறக்குறைய இப்படி வரும்:

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பி வந்தேன்,
தெருவில் நின்று ஜன்னல் வழியே பார்த்தேன்.
மேசையில் அவர்களுக்கு மட்டும் தட்டுகள்,
என் நாற்காலியில் அக்கம்பக்கத்துப் பையன்.
ஆயுசில் ஒரே ஒரு தடவை
என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.

இதன் பிறகு மறுபடியும் அதே பல்லவிதான். ஆனால் இந்தத் தடவை அவன் மெதுவாகப் பாடுகிறான்.

அர்த்தத்தை நீயே கண்டுபிடி, நீதான் பிரித்து மேய்பவனாயிற்றே. அப்பாவிடம் காட்டாதே.

பாயான் பாரு வீட்டுக்கு அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டாரா? சும்மாதான் கேட்டேன்.

யோகலட்சுமி


ஜார்ஜ் டவுன்
2.7.1985

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் ஜலதோஷம் ஜலதோஷமே இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது சரணத்தை மீரா சாகிப்பிடம் காட்டினேன். அவன் கித்தாரைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நாம இவ்வளவு நாளா எதுக்குடா குத்திட்டு இருந்தோம்?” என்றான். என் விடுதலைப் பாட்டு விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உன்னை நாயகி என்று எழுதியதையும் சேர்த்து.

அப்பாவிடம் காட்டாதே என்றாய். தாளை யாருக்கும் காட்டவில்லை, சத்தியம். உரக்கப் பாடினேன், அவ்வளவுதான். அப்பா பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க இங்கிலீஷில் கடிதம் டைப் செய்தவருக்கு இங்கிலீஷ் புரியும் என்பது அந்த நேரம் எனக்கு மறந்துபோயிற்று என்று வைத்துக்கொள்.

பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. வந்து வாசலில் நின்றார்.

“அது என்ன பாட்டு?”

“ராக் பாட்டுப்பா. வீட்டைவிட்டுப் போனவன் பாடறது.”

“தட்டு வேணாம்னு அவன்தானே சொன்னான்? அப்புறம் என்ன ஜன்னல்ல எட்டிப் பாக்கறான்?”

“சொன்னா உடனே கேட்டுடறதா?”

“பின்னே? வளந்த பிள்ளை சொன்னா கேக்கத்தானே வேணும்?”

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. “அக்காவைப் பாவாடை போடு, பாட்டு கிளாசுக்குப் போ, உள்ளூர்லயே டீச்சருக்குப் படின்னு எத்தனையோ சொன்னீங்க. அவ ஒண்ணையும் கேக்கல. நீங்களும் அவ சொன்னது எதையும் கேட்டதில்ல. ரூம் வேணாம்னு சொன்னதை மட்டும் ஏம்ப்பா உடனே கேட்டீங்க?” என்றேன்.

அடி விழும் என்று கித்தாரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. கொஞ்ச நேரம் நிமிர்த்திவைத்த உன் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவளே எழுதட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையெழுத்து இன்னும் போடவில்லை. நீயும் சும்மாதான் கேட்டாய், நானும் சும்மாதான் சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசிக்குள் இரண்டா மூன்றா என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டுமாம். அக்கா, ஒரு வரி எழுதிவிடேன்.

உன் தம்பி,
சற்குணம்


லீட்ஸ்
24.7.1985

அன்புள்ள சற்குணத்துக்கு,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே கோடை என்கிறார்கள், நான் இன்னும் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை.

நீ செய்தது சரியில்லை. உரக்கப் பாடுவதும் காட்டுவதும் ஒன்றுதான்.

அப்பாவுக்கு எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். வேண்டாம் என்று நானே சொன்னதை நானே எப்படி மாற்றி எழுதுவது? அப்பா கேட்டால் சொல்லலாம். கேட்காதபோது என்ன சொல்வது?

அதை விடு. டேலண்ட்டைமுக்கு நன்றாகப் பழகு. மூன்று சரணத்தையும் பாடு. முஷ்டியால் குத்தாதே.

அக்கா


ஜார்ஜ் டவுன்
19.8.1985

உலகப் புகழ் சற்குணத்தின் அக்காவுக்கு,

உடல்நலம் விசாரிக்க நேரமில்லை, ரசிகர்கள் வாசலில் நிற்கிறார்கள். இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

இரண்டாம் பரிசு! முதல் பரிசு தலைமையாசிரியருக்கு வேண்டப்பட்ட பையனுக்குப் போனது, அதைப் பற்றி நான் பேசவிரும்பவில்லை. மண்டபம் நிரம்பி வழிந்தது. எஃப் கார்டு வரும் இடங்களில் எல்லாம் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்றாவது சரணத்தில் நான் இருந்த லயிப்பில் என் இரண்டு கையும் எங்கே இருக்கின்றன என்றே எனக்குத் தெரியவில்லை. கை படாமலே கித்தார் பாடியதுபோல் இருந்தது என்று பார்த்தவர்கள் இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். முடிவில் எழுந்த ஆரவாரம் பள்ளிக்கூட வரலாற்றிலேயே கிடையாதாம்.

அப்பா வந்திருந்தார். ஆபீஸ் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், “அவளுக்கு நானே எழுதறேன்” என்றார். அன்றைக்கே ஏர் லெட்டர் வாங்கிவந்து எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது, ஒட்டிவிட்டுத்தான் மேசையை விட்டு எழுந்தார்.

என் பரிசைப் பற்றி அம்மாவுக்கு எழுதிக் கேட்காதே. அம்மாவுக்குக் கர்வம் வந்து என்னைத் தெருவெல்லாம் பாடச் சொல்வார்.

இப்படிக்கு,
கித்தார் சக்கரவர்த்தி


லீட்ஸ்
21.9.1985

என் அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்த வருஷத்தில் இதை முதல் தடவையாக உண்மையாக எழுதுகிறேன்.

அப்பாவின் கடிதம் வந்து சில வாரம் ஆகிறது. பிப்ரவரியில் எழுதியபோது, ‘எத்தனை அறை வேண்டும், உடனே தெரிவிக்கவும்’ என்று ஆபீஸ் கடிதம் மாதிரி கேட்டிருந்தார். இந்தத் தடவை கேள்வியே இல்லை. மூன்று அறை வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ‘உன் அறையில் காலை வெயில் வரும்’ என்று எனக்கு எழுதியிருக்கிறார். கேட்டிருந்தால் மறுபடியும் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். கேட்கவில்லை.

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருக்கிறது. அதை உனக்குச் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் பதினான்காம் தேதி வருகிறேன். அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன். இங்கே வேலைக்குக் கையெழுத்துப் போடவில்லை.

வந்த அன்றைக்கே நீ வாசிக்க வேண்டும், மூன்று சரணமும். இரண்டாம் பரிசு வாங்கிய தம்பி என்று விடுதி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். மொரீன் தன் டேப் ரிக்கார்டரையே என்னிடம் கொடுத்தனுப்புகிறாள், நீ வாசிப்பதைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டுமாம். எஃப் கார்டு தெளிவாக விழ வேண்டும் என்று தனியாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அக்கா,
யோகா


ஜார்ஜ் டவுன்
5.10.1985

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா உன் கடிதத்தைத் தெரு முழுக்க வாசித்துக்காட்டிக்கொண்டு மிக்க நலமாக இருக்கிறார். அப்பா பாயான் பாருவுக்குப் போய் வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது என்று பார்த்துவிட்டு வந்து நலமாக இருக்கிறார். நான்தான் நலமாக இல்லை. உன் கடைசிப் பத்தியைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கடல்மேல் பாலம் திறந்துவிட்டார்கள், ஆனால் சைக்கிளை விடமாட்டார்களாம். அதனால் ஓடிப்போகவும் வழியில்லை.

ஆகவே, டேப் ரிக்கார்டர் பெட்டிக்குள் ஏறுவதற்கு முன்பு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு எஃப் கார்டு வராது. மே மாதமும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அமுக்கினால் கதவிடுக்கில் பூனை மாட்டிக்கொண்ட மாதிரி கத்துகிறது. மீரா சாகிப் கையெடுத்துக் கும்பிட்டது நிஜம். “ஒன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், நிறுத்துடா” என்று சொல்லித்தான் கும்பிட்டான்.

பெயர் கொடுத்தாகிவிட்டது, அப்பாவும் வருகிறேன் என்றுவிட்டார். எனவே ஒரு வேலை செய்தோம். மேடையில் நான் கித்தாரைப் பிடித்துக்கொண்டு நின்று பாடுவது. என் கம்பிகளைத் தளர்த்திவிடுவது. திரைக்குப் பின்னால் மீரா சாகிப் உட்கார்ந்து வாசிப்பது. முதல் இரண்டு சரணமும் பிரமாதமாகப் போயின. நான் கையை ஆட்டிய ஆட்டத்தில் எனக்கே நான்தான் வாசிக்கிறேன் என்று தோன்றிவிட்டது.

மூன்றாவது சரணம் வந்தது. ஜன்னல் வழியே பார்க்கிற இடத்தில் முன்வரிசையைப் பார்த்துத் தொலைத்தேன். அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காராமல் குடையை வைத்திருந்தார், நீ வந்து உட்காரப்போகிறவள்போல. பாட்டு நின்றது. கண்ணில் நீர் கொட்டியது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

கித்தார் மட்டும் நிற்காமல் வாசித்துக்கொண்டே இருந்தது.

பின்வரிசையில் ஒருத்தன், “டேய், கித்தார் தானா பாடுதுலா!” என்று கத்தினான். மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஆரவாரம் என்று எழுதினேனே, அது இதுதான். தலைமையாசிரியர் வந்து திரையை இழுத்தார். மீரா சாகிப் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற வழக்கமுள்ளவன். திரை விலகியதே தெரியாமல் கடைசிப் பல்லவியை முழுக்க வாசித்து முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தான். அதற்கும் கைதட்டினார்கள். பரிசு யாருக்கும் இல்லை, எங்கள் பெயரை அடித்துவிட்டார்கள்.

சிரிக்காத ஒரே ஆள் அப்பா. என் கித்தாரை அவரே வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“எதுக்குடா அழுத?”

“தூசுப்பா.”

“மேடையில ஏது தூசு?”

கொஞ்ச தூரம் நடந்தோம். அப்புறம் நான் கேட்டேன், “அக்கா வரவே மாட்டாளாப்பா?”

தெருமுனையில் கித்தாரைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு, “நான்தான் அவளை வான்னு கூப்பிடவே இல்லையேடா” என்றார். அதற்கப்புறம் சொன்னதுதான், “அவளுக்கு நானே எழுதறேன்” என்பது. அப்பாவைப் பற்றி எழுதியது மட்டும்தான் போன கடிதத்தில் நிஜம்.

உன்னைத் தேட யாருக்கும் நேரமில்லை என்று எழுதியதும் பொய். எனக்கு நேரம் நிறைய இருந்தது.

உன்னை வரவேற்க மீரா சாகிப்பையும் விமான நிலையத்துக்குக் கூட்டிவரலாமா என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே திரை இல்லை. எனவே மொரீனிடம் டேப் ரிக்கார்டரைத் திருப்பிக் கொடுத்துவிடு. எனக்குச் சரியாக வருவது இரண்டே கார்டுதான், அதிலும் ஒன்று சந்தேகம். வாசிப்பு கிடையாது என்பதற்காக டிக்கெட்டை மட்டும் மாற்றிவிடாதே அக்கா.

உன்,
சற்குணம்